மருமகள் முடித்துவைத்த நேர்காணல்

என் சின்ன மருமகள் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால், பொங்கி வரும் பால்கூட வெட்கப்பட்டுப் பாத்திரத்துக்குள் திரும்பிப் போய்விடும்.

கூட்டித்தான் சொல்கிறேன். உண்மையில், அவள் போனில் பேசிக்கொண்டிருந்த சமயம் பார்த்துப் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருக்கிறது, துடைத்தது நான். ஆனால் மனிதர்கள் அடங்கிப்போவதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். வாஷிங் மெஷின் விற்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. மெஷின் மக்கர் பண்ணி, வீடெல்லாம் சோப்புத் தண்ணீராகி, நனைந்த காலோடு நின்றுகொண்டு போனில் கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆபீசுக்குப் பெயின்ட் அடித்த வாரம் எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். பட்டாணி உரிக்கிற சாக்கில் நான் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். ஸ்பீக்கரில் ஒரு மனிதர் உறுமலோடு ஆரம்பித்தார். இவள் "புரியுதுங்க சார்", "எனக்கே கஷ்டமா இருக்கு சார்" என்று நாலு தடவை சொன்னாள். கடைசியில் அவர், "நீ நல்லா இருக்கணும்மா" என்று வாழ்த்திவிட்டுப் போனை வைத்தார். மெஷின் இன்னும் ரிப்பேர் ஆகவில்லை என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

ஆபீசில் அவளுக்குத் 'தீயணைப்பு வண்டி' என்று பட்டப்பெயர். மற்றவர்களால் சமாளிக்க முடியாத ஆசாமிகளை எல்லாம் அவள் பக்கம் தள்ளிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, மெஷினைப் போட்டுவிட்டு, அது ஓடவில்லை என்று கண்டுபிடிப்பது சாயங்காலத்தில்தான். அதனால் அவளுக்கு எப்போதும் சாயங்கால ஷிஃப்ட். மத்தியானம் கிளம்பினால் எல்லாரும் தூங்கிய பிறகுதான் திரும்புவாள்.

அவளைக் கட்டிக்கொண்ட என் இளைய பிள்ளையோ ரொட்டிக்காரன். ஊர் காலையில் சாப்பிடும் ரொட்டியை விடிவதற்குள் சுட்டு அடுக்க வேண்டும். விடியாத வேளையில் எழுந்து போவான், மத்தியானம் மாவு வாசனையோடு வருவான், விளக்கு வைக்கும் நேரத்தில் கோழி மாதிரி சுருண்டுவிடுவான். அவன் வரும்போது இவள் போவாள். இவள் வரும்போது அவன் குறட்டை விடுவான். அவன் எழும்போது இவள் தூக்கத்தில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவனுக்குத் திங்கட்கிழமை லீவு, இவளுக்கு வியாழக்கிழமை, அதையும் ஆளுக்கொரு பக்கம் தூங்கியே தீர்ப்பார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இருவரும் கண்ணை விழித்துக்கொண்டு சந்தித்ததெல்லாம் எங்கள் கட்டிடத்தின் மாடிப்படியில்தான். அவன் ஏற, இவள் இறங்க, இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு நிமிஷக் குடித்தனம்.

"சாப்ட்டீங்களா?"

"ம். நீ?"

"ஆச்சு. சட்டை தோள்ல மாவு."

"குடையை எடுத்துக்கிட்டியா?"

"பஸ் வந்துடும், வரேன்."

அவ்வளவுதான். இரண்டாம் மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா ரொம்ப நாள் வரைக்கும் இவர்கள் அண்டை வீட்டுக்காரர்கள், ஏதோ பழக்கத்துக்குப் பேசிக்கொள்கிறார்கள் என்றே நினைத்திருந்தாள். புருஷன் பெண்டாட்டி என்று தெரிந்ததும், "ஏன் பாட்டி, சண்டையா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். "சண்டை போடறதுக்கும் நேரம் வேணும்மா" என்றேன்.

மிச்சப் பேச்சுக்கெல்லாம் நான்தான் தூது. அவன் சொல்வதை இவளிடமும், இவள் சொல்வதை அவனிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். வெறும் தூதுக்காரியாக இருக்க என்னால் முடியுமா? அவன் "சாக்ஸ் ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு எங்க?" என்று கேட்டால், "நீ இல்லாத வீட்டில் சாக்ஸ்கூட ஜோடி சேர மறுக்கிறதாம்" என்று கொண்டுபோய்ச் சொல்வேன். கொஞ்ச நாள் அவள் முகம் சிவந்தது. ஒரு வியாழக்கிழமை என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, நெஜத்தைச் சொல்லுங்க. நேத்து உங்க பிள்ளை என்னைப் பத்தி அப்படியா சொன்னாரு?"

"ஏம்மா, நம்பிக்கை இல்லையா?"

"அவருக்கு அவ்வளவு நீளமா வாக்கியமே வராது அத்தை. மூணாவது வார்த்தையிலேயே மூச்சு வாங்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, "எனக்கு அந்தச் சாக்ஸ் சமாச்சாரமே போதும் அத்தை. அதை அவரே என்கிட்ட சொன்னா நல்லா இருக்கும்" என்றாள். நான் அந்த இன்னொரு சாக்ஸைத் தேடுகிற சாக்கில் கட்டிலுக்கடியில் குனிந்துகொண்டேன்.

அந்த மாதமே ஒரு வழி தெரிந்தது. ஃப்ரிட்ஜ் விற்கும் பெரிய கம்பெனி ஒன்றில், புகார்ப் பிரிவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேடினார்கள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். அவன் கண்ணைச் சொருகுவதற்குள் இரண்டு மணி நேரமாவது ஒரே வீட்டில், ஒரே மேஜையில் உட்காரலாம். விண்ணப்பம் போட்டாள், நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்குக் காலையில் நேர்காணல், மத்தியானம் வழக்கமான ஷிஃப்ட் என்று ஏற்பாடு.

வீடு அமர்க்களப்பட்டது. தையல்காரம்மா, தைக்கக் கொடுத்தவர் வாங்கிக்கொள்ள வராத ஒரு நீலக் கோட்டை எடுத்து, கையைச் சுருக்கி, இவள் அளவுக்குப் பிடித்துக் கொடுத்தாள். ரொட்டிக்காரன் மாடிப்படித் திருப்பத்தில் நின்று, கையில் ரொட்டிப் பையோடு, நேர்காணல் நடத்துகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டான்.

"கத்துறவங்களைச் சமாளிக்கத் தெரியும்."

"யாரும் கத்தலைன்னா?"

"அப்ப பயமா இருக்கும்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

துணைக்கு நானும் போனேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். அந்த ஆபீசில் தரை முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. வரவேற்பில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்களும் இன்டர்வியூவுக்கா, மேடம்?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு துடித்தது. மருமகளின் பிழைப்பு என்று அடக்கிக்கொண்டேன். அங்கே ஒரு சோபா. உட்கார்ந்தால் முழங்கால் காது வரைக்கும் வந்துவிடும். எழ வேண்டுமென்றால் ஆள் பிடித்துத் தூக்க வேண்டும். அதில் புதைந்துகொண்டு பார்த்தேன். நேர்காணல் அறைக்குச் சுவரெல்லாம் கண்ணாடி. உள்ளே நடப்பது அத்தனையும் தெரிந்தது. சத்தம்தான் வெளியே வரவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். டை கட்டிய ஒருவர், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், லேப்டாப்பைவிட்டுக் கண்ணை எடுக்காத ஒரு இளைஞன். ஆரம்பம் அமர்க்களமாக இருந்தது. இவள் ஏதோ சொன்னாள், டைக்காரர் தலையாட்டினார். மறுபடி ஏதோ சொன்னாள். லேப்டாப் இளைஞன்கூட நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். மூக்குக்கண்ணாடி அம்மாள் ஒரு கேள்வி கேட்டாள். இவள் வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு இவள் டைக்காரரைப் பார்த்து என்னவோ கேட்டாள். அவர் திகைத்துப்போய்த் தலையசைத்தார். இன்னொன்று கேட்டாள், அவர் 'இல்லை' என்பது போலத் தலையாட்டினார். உடனே இவள் பளிச்சென்று சிரித்து, எழுந்து, மூன்று பேருக்கும் தனித்தனியாக ஒரு வணக்கம் வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு கம்பீரமாக வெளியே வந்துவிட்டாள். உள்ளே மூன்று பேரும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

அசந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். "கிடைச்சாச்சு!" என்று சோபாவிலிருந்தே கையை நீட்டினேன். என்னைத் தூக்கி நிறுத்தினாள். முகத்தில் அந்தப் பளிச்சென்ற சிரிப்பு அப்படியே இருந்தது. லிஃப்டுக்குள் போனோம். இரண்டு மாடி இறங்கியதும் அந்தச் சிரிப்பு கழன்று விழுந்தது.

"அத்தை... வச்சுட்டேன்."

"எதைம்மா? கோட்டையா? போட்டுக்கிட்டுதானே இருக்கே?"

"இன்டர்வியூவை அத்தை! போனை வைக்கிற மாதிரி வச்சுட்டு வந்துட்டேன்!"

லிஃப்ட் தரைக்கு வந்து, கதவு திறந்து, மூடி, யாரோ அழுத்தி மறுபடி மேலே போகத் தொடங்கியது. அந்த நேரத்துக்குள் முழுக் கதையும் வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடி அம்மாள் கேட்டது ஒரு சாதாரணக் கேள்விதான்: இப்போதைய வேலையை ஏன் விடுகிறீர்கள்? இவளும் ஒளிக்காமல், புருஷனுக்கு விடியற்காலை வேலை, எனக்குச் சாயங்கால வேலை, மாடிப்படியில்தான் பார்த்துக்கொள்கிறோம், பகல் ஷிஃப்ட் வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு அந்த அம்மாள், "அதுக்கு எதுக்கு வேலையை விடணும்? அங்கயே பகல் ஷிஃப்ட் கேட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

இவள் கேட்டதே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட. அது அப்போதுதான் இவளுக்கே உறைத்தது. பதில் வரவில்லை. அறை அமைதியாகிவிட்டது.

புகார்ப் பிரிவில் அமைதி ஆகாது. எதிராளி பேசாமல் இருந்தால், உடனே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். எதிரே மூன்று பேர் முழுசாக உட்கார்ந்திருக்கும்போது, இவள் டைக்காரரைப் பார்த்து, "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவர், "இ... இருக்கேன்" என்றார். அதற்கு அடுத்தது என்ன என்று இவள் மூளையைக் கேட்கவே இல்லை; வாய் தானாகப் போய்விட்டது. "வேற ஏதாவது உதவி தேவைப்படுதா சார்?" அவர் மரியாதைக்கு, "இல்லைங்க" என்றார். அந்தத் தொழிலில் 'இல்லைங்க' வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். "எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி. இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாக அமையட்டும்" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டாள். அவர்கள் கேட்க வேண்டியதில் பாதிகூடக் கேட்டு முடிக்கவில்லை.

நான் சிரிக்கக் கூடாது என்று கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சிரிச்சுடுங்க அத்தை, வாய் வீங்கிடப்போகுது" என்றாள். லிஃப்டில் இருவரும் சிரித்த சிரிப்பில், நடுவில் ஏறிய ஒருவர் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார். சிரித்து முடித்தபோது அவள் கண்ணில் இருந்தது வெறும் சிரிப்புத் தண்ணீர் இல்லை.

"வா, திரும்பிப் போவோம். ஆளைக் கூப்பிட்டுச் சொல்லுவோம்" என்று இழுத்துக்கொண்டு போனேன். அதற்குள் அறையில் அடுத்த ஆள் உட்கார்ந்துவிட்டான். மூக்குக்கண்ணாடி அம்மாள் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தாள். மருமகள் ஓடிப்போய்த் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னாள்.

"அய்யோ, அதுவா?" என்றாள் அந்த அம்மாள், தண்ணீர்ப் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "எங்க கம்பெனி உங்களுக்குப் பிடிக்கலைன்னுல்ல நெனச்சோம்! இவ்வளவு மரியாதையா எங்களை யாருமே வேண்டாம்னு சொன்னதில்லைன்னு சார் இப்பத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு."

"மறுபடி ஒரு தடவை உக்காரலாமா மேடம்?"

"கேட்டுப் பாக்கறேன்ம்மா. ஆனா சார்..." என்று இழுத்தாள். அந்த இழுப்பிலேயே மிச்சம் புரிந்துவிட்டது.

பஸ் நிறுத்தத்தில், ரொட்டிக்காரன் முந்தின நாளே கட்டிக்கொடுத்திருந்த பன்னை ஆளுக்குப் பாதியாகத் தின்றோம். அவள் கோட்டைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, நேரே ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கும் யாராவது நனைந்த காலோடு காத்திருப்பார்கள் அல்லவா?

நான் வீட்டுக்கு வந்தபோது ரொட்டிக்காரன் வாசற்கதவிலேயே நின்றான்.

"கிடைச்சுதா?"

"இல்லைப்பா."

அவன் என்னையே பார்த்தான். "கொஞ்சம்கூடக் கூட்டாம ஒரே வார்த்தையில சொல்றியேம்மா. அப்ப நெஜமாவே கிடைக்கலை" என்றான். பிறகு நடந்ததைச் சொன்னேன். 'லைன்ல இருக்கீங்களா' வந்ததும் சிரித்தான். 'அங்கயே கேட்டுப் பாத்தீங்களா' வந்ததும் நிறுத்திவிட்டான்.

அடுத்த வாரம் பதில் வந்தது: தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். மாடிப்படித் திருப்பத்தில் அதை அவள் அவனிடம் சொன்னபோது நான் மேலே கைப்பிடியில் சாய்ந்துகொண்டிருந்தேன். காற்று வாங்கத்தான்.

"சரி, போகட்டும்" என்றான் அவன். "அந்தம்மா கேட்டதை நீ கேட்டியா?"

"எதை?"

"உங்க ஆபீஸ்ல. பகல் ஷிஃப்ட்."

"இல்ல."

"ஏன்?"

அவள் படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நாள் முழுக்க எல்லார்கிட்டயும் 'உங்களுக்கு என்ன வேணும்'னு நான் கேக்கறேன். என்கிட்ட யாராச்சும் கேப்பாங்கன்னு இருந்துட்டேன் போல."

"நான் கேக்கறேன். என்ன வேணும்?"

"சாயங்காலம் வேணும்."

"அப்ப இன்னைக்கே கேளு. பஸ் போனா போகட்டும், அடுத்த பஸ்ல போ. முதல்ல என்கிட்ட கேட்டுப் பழகிக்கோ."

அவனுக்கு நீளமாக வாக்கியம் வராது என்று சொன்னவள் கைப்பையைப் படியிலேயே வைத்தாள். அன்றைக்கு உண்மையாகவே பஸ்ஸை விட்டாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில், தையல்காரம்மா கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டிருக்க, என் பிள்ளை மேலதிகாரியாக நடித்தான். அவள், "மேடம், எனக்குப் பகல் ஷிஃப்ட் வேணும்" என்று ஐந்தாறு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை மன்னிப்புக் கேட்பது போல வந்தது. "மன்னிப்பு வேணாம், ஷிஃப்ட்தான் வேணும்" என்று திருத்தினான். கடைசித் தடவை நன்றாக வந்தது. தையல்காரம்மா கதவுக்குப் பின்னாலிருந்தே, "குடுத்தாச்சு!" என்றாள்.

உண்மையான மேலதிகாரி அம்மாள் அவ்வளவு சுலபமாகக் கொடுக்கவில்லை. முதலில் ஆச்சரியப்பட்டாள். "உங்களுக்குச் சாயங்காலம்தான் பிடிக்கும்னு நெனச்சேனே! ஒவ்வொரு தடவை சாயங்காலம் போட்டப்பவும் 'பரவாயில்லைங்க மேடம்'னுதானே சொன்னீங்க?"

"பரவாயில்லைன்னா பிடிக்கும்னு அர்த்தமில்லைங்க மேடம். நம்ம தொழில்லயே அப்படி இல்லையே."

"சரிதான். ஆனா சாயங்காலம் கத்துறவங்களை யார் பாக்கறது?"

"காலையிலயும் கத்துவாங்க மேடம். நான் கேரண்டி."

அந்த அம்மாள் சிரித்துவிட்டாளாம். அடுத்த மாதம் முதல் காலை ஷிஃப்ட். சனிக்கிழமை மட்டும் பழையபடி சாயங்காலம். நீலக் கோட்டின் சொந்தக்காரர் கடைசிவரை வரவில்லை. தையல்காரம்மா அதை இவளுக்கே கொடுத்துவிட்டாள்.

அப்புறம் வந்தது அந்த முதல் சாயங்காலம். அவள் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தாள். அவன் முகம் கழுவி, தலை வாரி, மாவு இல்லாத சட்டை போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். நான் நாகரிகமாக அடுக்களைப் பக்கம் ஒதுங்கினேன். இரண்டு வருஷமாக அடைத்துவைத்த பேச்சு மடை உடைத்துக்கொண்டது. அவன் சாக்ஸில் தொடங்கி சமுத்திரம் வரைக்கும் பேசினான். அவள் பதிலுக்குப் பதில் கொடுத்தாள். சுவர்க்கடிகாரம் வெட்கப்பட்டுக் கொஞ்ச நேரம் நின்றுபோயிற்று. பேச்சுச் சத்தம் தாங்காமல் தையல்காரம்மா இரண்டாம் மாடியிலிருந்து ஏறி வந்து, "பாட்டி, இப்பவாவது சண்டையா?" என்று கேட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதி முடித்ததும் மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். ரொட்டிக்காரன்தான் பொறுமையிழந்தான்.

"அம்மா, அன்னைக்கு நாங்க ஒரு வார்த்தைகூடப் பேசலை. 'காபி போடட்டுமா'ன்னு நான் கேட்டேன், அவ பதில் சொல்றதுக்குள்ள என் தோள்லயே தூங்கிட்டா, பழக்கமில்லாம சீக்கிரம் எழுந்தவ. அசைஞ்சா முழிச்சுடுவாளேன்னு உக்காந்திருந்தேன், நானும் தூங்கிட்டேன். சத்தம் கேட்டு தையல்காரம்மா ஏறி வந்தது நெஜம்தான். ஆனா அடுக்களையில நின்னுக்கிட்டு தனியாப் பேசிக்கிட்டிருந்தது நீதாம்மா."